ஐந்து பித்தளைக்கு ஒரு போல்கா

அக்டோபர் மூன்றாம் சனி,
ஆற்றோரப் பியர்க்கடை வாசலில் நாற்பது நிமிடம்.
போல்கா மட்டும்.
ஒப்புக்கொண்டது ஜுன் வெய். தேடுவது நான்.

இருப்பவை:
டிராம்போன் இரண்டு, யுஃபோனியம் இரண்டு,
என் மடியில் ஒரு டியூபா.
கிளாரினெட் இல்லை, டிரம்பெட் இல்லை,
அதாவது பாட்டு இல்லை.

பிராஸ் பாசாவில் இசைத்தாள் விற்பவர்
"போல்காவா?" என்று
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
நாற்பது பேர் வாத்தியக் குழுவுக்கு வைத்திருந்தார்.
அக்கார்டியனுக்கு மூன்று புத்தகம்.
நாலு புல்லாங்குழலுக்குக்கூட ஒன்று.
"அடித்தொண்டை ஆட்களுக்கு மட்டும்
தனியா யார் எழுதுவா?"
கேட்டதில் கேலி இல்லை,
நிஜமாகவே யோசித்தார்.

எந்தத் தாளை விரித்தாலும் எனக்கு இருந்தது
உம். உம். உம். உம்.
அரை எட்டுத் தள்ளி டிராம்போனுக்கு
பா. பா. பா. பா.
ஒத்து ஊதுவது நம் பேச்சில் வசவு.
இங்கே அதற்குத் தோல்பட்டை வைத்த
கால்சட்டை தைத்துத் தருகிறார்களாம்,
இடுப்பளவு கேட்டு
மின்னஞ்சல் வந்துவிட்டது.

ஆகஸ்டில் சுரைடா கூப்பிட்டாள்.
இரண்டு பள்ளியை ஒன்றாக்குகிறார்கள்,
வாத்திய அறையைக் காலி செய்ய
வெள்ளிக்கிழமை வரை கெடு.
இரும்பு அலமாரிக்குள் பாச்சைவாசனை,
நெளிந்த ஊதுவாய் ஒன்று,
அதற்குப் பின்னால், நூல் கட்டிய உறையில்,
ஒரு போல்கா.

மேல்வரித் தாள்களை
யார் யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள்.
கீழ்வரிகளை ஒருவரும் கேட்கவில்லை.
மடிப்புக் கலையாமல் கிடந்தன.

உட்கார்ந்து புரட்டினோம்.
உம், பா. உம், பா.
மூன்றாம் பக்கம் திரும்பியதும்
எட்டே எட்டுக் கட்டம்,
பாட்டு டியூபாவுக்கு.
மேலே பென்சிலில் யாரோ: ஜங்ஙான் தாக்குட்.
பயப்படாதே.
"என் கையெழுத்து இல்லை"
என்றாள் சுரைடா, கேட்பதற்கு முன்பே.

வியாழன் இரவு, தோ பாயோ சமூக மன்றம்.
பக்கத்து அறையில் சூம்பா,
சுவருக்கு இந்தப் பக்கம் சண்டை.
பாட்டு எனக்கென்றால் உம் யாருக்கு?
ஜுன் வெய் மாட்டேன் என்றான்.
கிளெமென்ட் ஒலிவேரோ
பதினொரு வருடம் பா வாசித்தாயிற்று என்றார்.
கடைசியில் சுரைடா எடுத்துக்கொண்டாள்,
அதுவரை அவள் ஒரு உம்மும் ஊதியதில்லை.

தொடங்கினேன்.
ஐந்தாம் கட்டத்தில் மூச்சு தீர்ந்தது.
உம்முக்கும் உம்முக்கும் நடுவே
என் மூச்சை இத்தனை நாள்
வேறொருவர் எழுதி வைத்திருந்தார்.
பாட்டுக்குள் அது இல்லை,
எங்கே என்று நானே வைக்கவேண்டும்.

"இது ரொம்ப அவசரமான வேலை"
என்றாள் சுரைடா, உம் பற்றி.
மறுபடி. மறுபடி.
ஒன்பதாம் முறை
கடைசிச் சுரம் வரை போய்ச் சேர்ந்தேன்,
சுதி கொஞ்சம் இறங்கி, முகமெல்லாம் எச்சில்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
கிளெமென்ட் மட்டும் தண்ணீர்ச்சாவியைத் திறந்து
தரையில் ஊதினார்.

கடைசி ரயிலில் டியூபாவுக்கு ஓர் இருக்கை,
எனக்கு ஓர் இருக்கை.
கைபேசியில் கணக்குப் போட்டேன்:
எட்டுக் கட்டம், எட்டு நொடி.
இன்னும் வேண்டியது
முப்பத்தொன்பது நிமிடம்,
ஐம்பத்திரண்டு நொடி.