ஐந்து வளையம்

வாளியை இறக்கி வைக்கிறார் மலாகி ட்ரெனர்.
கைப்பிடி விரலில் வெட்டிய தடத்தை
மறுகையால் தேய்த்துக்கொள்கிறார்.
மின்கழியை அணைத்துவிட்டு
நனையாத தாளில் எழுதுகிறேன்:
செப்டம்பர் ஒன்பது. நீர் பதினோரு டிகிரி. கலங்கல் இல்லை.

கூடையில் முட்டை அடுக்கியதுபோல் மோனகன் குன்றுகள்.
இரண்டு முட்டைகளுக்கு நடுவே ஒழுகுகிறது
வரைபடத்தில் பெயர் இல்லாத இந்த ஓடை.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஜூலை இரவு,
உடைந்தது அவருடைய தொட்டிதான்.
எண்பது மாடுகளின் குளிர்காலச் சாணம்
சரிவில் இறங்கி நீரைப் பிடித்தது.
எங்களை அழைத்தவரும் அவரேதான்.
விடியலில் வந்தபோது கரையில் நின்றிருந்தார்,
கால்சட்டை முழங்கால்வரை பச்சை.

நான்கு கிலோமீட்டர் வெள்ளை வயிறுகள்.
ட்ரவுட் ஆயிரத்து நானூறு.
அயிரைகளை எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டோம்.
நீதிமன்றம் அபராதத்தை எண்ணியது.

முதலில் வந்தவை சிவப்புப் புழுக்கள்.
பிறகு கல்லடிப் பூச்சிகள்,
பூச்சிகளின் பின்னால் முள்முதுகுக் குஞ்சுகள்.
ட்ரவுட் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள்.
தொட்டிக்கு மேலே ஒரு கிளை இருக்கிறது;
தாண்டினால் பாதம்கூட நனையாது,
அதை யாரும் ஓடை என்று சொன்னதில்லை.
அந்த இரவு அங்கே பதினேழு மீன்கள்
ஒன்றும் அறியாமல் இரை தின்றுகொண்டிருந்தன.

கீழிருந்து வருபவைக்கு வழி இல்லை:
சாலைக்கடியில் குழாயின் உதடு
முழங்கால் உயரத்தில் தொங்கியது.
இரண்டாம் கோடையில், எவரிடமும் அனுமதி கேட்காமல்,
மலாகி அங்கே படிபோலக் கல் அடுக்கினார்.
அதை நான் அறிக்கையில் எழுதவில்லை.

இன்று இருநூற்றுப் பன்னிரண்டு.
அழிவுக்கு முன் இதே நூறு மீட்டரில் இருநூற்றைந்து.
'அப்படியானால் சரியாகிவிட்டதா?'

செதில் ஒன்றைச் சுரண்டி லென்ஸுக்கடியில் வைக்கிறேன்.
இதற்கு ஒரு வளையம். இதற்கும் ஒன்று.
இதற்கு இரண்டு, வளையங்களுக்கிடையே அகலம் அதிகம்:
போட்டிக்கு ஆளில்லாமல் தின்று கொழுத்த
ஒற்றைப் பிள்ளை.
ஐந்து குளிர்காலம் கண்டது ஒன்றுமில்லை.
ஆல்டர் வேருக்கடியில் ஒரு கிழட்டு ஆண் இருந்தது,
எந்தத் தூண்டிலையும் மதிக்காதது.
அதன் இருட்டில் இப்போது விரலளவு மூன்று
ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருக்கின்றன.

'எண்ணிக்கை வந்துவிட்டது,' என்றேன்.
'வயது இன்னும் வரவில்லை.'
'அதற்கு எவ்வளவு நாள்?'
'ஐந்து வயது வர
ஐந்து வருடம்தான்.'

அவருக்கு எழுபத்தொன்று. ஏதோ கூட்டிப்பார்த்தார்,
விடையைச் சொல்லவில்லை.

குனிந்து வாளியைச் சாய்த்தார்.
நழுவி, நழுவிப் போயின.
ஒன்று மட்டும் வாளியின் அடியில் நின்றது,
வராத நீரை எதிர்த்து
வாலை அசைத்துக்கொண்டு.
அவர் இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.