ஒன்றிலிருந்து ஐந்து வரை

தாக்கேத்தாவில் இன்று எங்கள் முறை
இரவு ஒன்றிலிருந்து ஐந்து வரை.
மின்சாரம் வந்ததும் தெருவே எழுந்துகொள்கிறது.
எதிர்வீட்டு டோ கின் லே உலை வைக்கிறாள்.
மேல்மாடிக்கு மோட்டார் தண்ணீர் ஏற்றுகிறது.
யாரோ இஸ்திரி போடுகிறார்கள், சூடேறிய துணியின் வாசம்.
நான் மட்டும் கறுப்புத் திரைக்கு முன்னால்
சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மண்டலேயிலிருந்து பஸ்ஸில் வந்த கிராபிக்ஸ் கார்டு.
பழைய லுங்கியில் சுற்றி, மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே.
பிரித்தபோது தும்மினேன்.
"அதிகம் ஓடாததுக்கா" என்று விற்றவன் சத்தியம் செய்தான்.
அவன் சத்தியத்தின் விலை
மூன்று கல்யாணங்களுக்கு நான் வாங்கிய முன்பணம்.

காற்றாடி சுழல்கிறது. கீபோர்டில் பச்சைப் புள்ளி எரிகிறது.
நடை திறந்திருக்கிறது, மணி அடிக்கிறது,
உள்ளே சாமியைத்தான் காணோம்.

கேபிளை மாற்றினேன்.
ரேமை உருவி, மகனின் ரப்பரால் பொன்முனையைத் தேய்த்து,
ஊதித் திரும்பச் செருகினேன்.
(ஊதக்கூடாதாம், எச்சில் படுமாம்.
ஊதாமல் எதைத்தான் சரிசெய்திருக்கிறோம் இந்த வீட்டில்?)
காசு போலிருக்கும் பேட்டரியைக் கழற்றி வைத்து
இருநூறு வரை எண்ணினேன்.
நூற்று நாற்பதில் தூங்கிவிட்டேன் போல.
பழைய கார்டைப் போட்டால் படம் வருகிறது,
திக்கித் திக்கி, விசுவாசமாக.
புதியதைப் போட்டால் இருட்டு.

இரண்டரை. மூன்று.
ஹார்டு டிஸ்கில் நீலாவதி காத்திருக்கிறாள்,
போன மாதம் கம்பைக் கோயிலில் தாலி ஏறியவள்.
அவள் தம்பி பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்களென்று
எல்லை தாண்டிப் போனவன்.
மேசாட்டில் ஒரு தையல் பட்டறையின் மாடியிலிருந்து
குரல் அனுப்பியிருந்தான்:
"அக்கா அழுதிருந்தா அதை மட்டும் வெட்டிடாதீங்க."

மூன்றே முக்காலுக்குக் கார்டை மடியில் கிடத்தி
செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
பேன் பார்ப்பதுபோல் ஓரம் ஓரமாகத் தடவினேன்.
முதுகில் கிழிந்த ஸ்டிக்கர், சீன எழுத்து,
பேனாவால் எழுதிய எண்: நாற்பத்தேழு.

அட, வரிசையில் நாற்பத்தேழாவதா நீ.
எங்கோ தகரக் கொட்டகையில் நூறு கார்டுகளோடு
காசு தோண்டக் கணக்குப் போட்டாயா, ராப்பகலாக.
இரண்டு வருடமோ மூன்றோ,
ஒரு முகத்தைக் காட்டு என்று
யாரும் உன்னைக் கேட்டதே இல்லையா.

மேல்விளிம்பில், அரிசி அளவுக்கு ஒரு விசை.
இடப்பக்கம் தள்ளியிருந்தது.
நகத்தால் வலப்பக்கம் நகர்த்தினேன்.
அவ்வளவுதான்.

நான்கு பத்து. முதலில் கம்பெனி பெயர், பிறகு நீலம்,
பிறகு நீலாவதி,
ஒரு கண்ணை மூடியபடி,
மூக்கு நுனியில் மஞ்சளரிசி ஒன்று ஒட்டியிருக்க.
"ஏய்!" என்றேன், சத்தமாகவே.
மகன் புரண்டு படுத்தான்.

அழுத இடத்தைத் தேடி எடுத்தேன். பதினோரு நொடி.
மூக்கை உறிஞ்சுவது, கேமராவை முறைப்பது, எல்லாமே இருக்கட்டும்.
பச்சைக் கோடு ஊர்ந்தது. அறுபது. எழுபத்தெட்டு.
எதிர்வீட்டில் மீன் பொரியும் சத்தம்.
தொண்ணூற்றொன்றில் தெரு அணைந்தது.
ஐந்துக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது,
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கார்டின் காற்றாடி இருட்டில் கொஞ்ச நேரம்
தன் பாட்டுக்குச் சுற்றி நின்றது.
கை வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு.

நாளைக்குப் பகல் ஒன்பதிலிருந்து என்கிறார்கள்.
பார்க்கலாம்.