வெளியே போன புத்தகம்

கல்மண்டபத்தில்
அடகுக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில்
எட்டடிக்கு ஆறடி, என் வாடகை நூலகம்.
நாளைக்கு ஐந்து ரூபாய். முன்பணம் நூறு.
மழை வந்தால் மேல் அடுக்கு மட்டும்.

வருகிறவர்கள் தலைப்பைச் சொல்வதில்லை.
"அந்தத் திமிர் புடிச்சவன் கதை வந்துச்சா?"
எடுத்துத் தருவேன்.
எல்லாக் கதையிலும் ஒரே ஆள்தான்.
மேல் பொத்தான் இருக்காது,
புருவத்தில் பழைய வெட்டு,
சிரித்தால் இடது பக்கம் மட்டும்,
கடன் சொல்லாத கடை இல்லை.
அவன் பல் துலக்கி யாரும் பார்த்ததில்லை.
தண்ணி லாரிக்குக் குடம் வைத்து
நின்றதே இல்லை அவன்.

எந்தப் பக்கம் எத்தனை முறை மடிந்ததென்று
எனக்குத் தெரியும்.
அறுபத்தொன்றில் அவன் அவள் கையைப் பிடிக்கிறான்.
அங்கே ஒரு சங்கராச் செதில்
ரோஸ் நிறத்தில் ஒட்டிக் காய்ந்திருக்கும்.
அது எஸ்தர் புஷ்பம்,
காசிமேட்டு ஏலத்தில்
நாலு ஆம்பிளையைக் குரலாலேயே நகர்த்துகிறவள்.
எண்பத்துநாலில் டீக்கறை.
அது குணவதி,
கண்டெய்னர் யார்டில் பில் போடுகிறாள்,
இரவு ஷிப்டு.

ஏன் இவனென்று ஒருநாள் கேட்டேன்.
கூடையை இறக்காமலே எஸ்தர் சொன்னாள்:
"பொண்ணு பாக்க வந்தவனுங்கோ பஜ்ஜியப் பாத்தானுங்கோ.
டிவி எத்தினி இன்ச்சுன்னு பாத்தானுங்கோ.
திருட வர்றவன்தான்க்கா
ஊட்ட முழுசாப் பாக்குறான்,
எங்க என்னா கீதுன்னு."

அன்று கணக்கு எழுத
எனக்கு ரொம்ப நேரம் ஆனது.

ஆமோஸ் வந்தது மார்ச்சில்.
கண்டிஷன் ஜாமீன்.
காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து,
முப்பது நாள்.
அதற்குப் பிறகு போக இடமில்லை.
பழைய கூட்டாளிகள் பாலத்தடியில் நின்றார்கள்,
என் கடையில் மின்விசிறி இருந்தது.

புருவத்தில் வெட்டு இருந்தது.
தைத்தவன் அவசரத்தில் இருந்திருக்கிறான்.
ஒற்றைப் பக்கச் சிரிப்பும் இருந்தது,
மறுபக்கம் இரண்டு பல் இல்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தான்.
"இவன் வேலைக்கே போமாட்டானாக்கா?"
இன்னொரு நாள்:
"இத்தினி செய்றான்,
ஒரு எஃப்.ஐ.ஆர். கூட இல்லியே."
அறுபத்தொன்று வந்ததும்,
"கேக்காம கைய புட்ச்சா செருப்பு பிஞ்சிடும்" என்று
பக்கத்தைத் திருப்பினான்.
செதிலைச் சுரண்டவில்லை.

அவன் மடித்தது கடைசிப் பக்கத்தை.
எல்லாக் கதையிலும் அங்கே ஒரே வரி:
அன்றோடு அவன் திருந்திவிட்டான்.
அந்த வரியின் கீழே நகத்தை ஓட்டி
"எப்டின்னு போடலியேக்கா" என்றான்.

நானும் திருப்பிப் பார்த்தேன்.
மூட்டுவலித் தைலம்,
ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.

இத்தனை வருஷத்தில்
யாரும் அந்தப் பக்கத்தைக் கேட்டு வந்ததில்லை.
திருந்தினவனை வைத்துக்கொண்டு
இரவு ஷிப்டில் குணவதி என்ன செய்வாள்?

முப்பதாம் நாள்
ஒரு புத்தகத்தைச் சட்டைக்குள் செருகினான்.
சாமி படக் கண்ணாடியில் பார்த்தேன், சொல்லவில்லை.
போவதற்கு முன் நின்று
கடையை முழுசாக ஒருமுறை பார்த்தான்.
அடுக்கு, விசிறி,
முன்பணம் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பா,
நான்.
எனக்கு ஐம்பத்திரண்டு வயது.
முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

நேற்று எஸ்தர் அதே புத்தகத்தைக் கேட்டாள்.
பதிவேட்டில் 'தொலைந்தது' என்று எழுத
ஒரு கட்டம் இருக்கிறது.
"வெளிய போயிருக்கு" என்றேன்.
"திரும்பி வரும்ல?" என்றாள்.
எழுந்து
விசிறியை ஒரு எண் கூட்டி வைத்தேன்.