மூன்றாம் நெருக்கு

உபதேசியார் வந்து சொன்னபோது
கொடிக்காலில் இருந்தேன்.
"ஒச்சப்பன் ஞானஸ்நானம் கேட்கிறான்.
நீ ஞானத்தாயாக நிற்கவேண்டும், அருளாயி.
உன் கை அவன் தோளில் பட்டால்தான்
சபை நம்பும்."

என் கை.
வலது கட்டைவிரலில் நகம் இல்லை எனக்கு.
இரும்பு நகம் மாட்டினாலும் அந்த விரல் தாங்காது.
ஆறு வருஷமாக இடக்கையால் வெற்றிலை கிள்ளுகிறேன்.
காம்பு நைந்த என் கவுளியை
சோழவந்தான் யாவாரி
பேசாமல் தனியே ஒதுக்கிவைப்பான்.

நாகமலைக்கு அந்தப்புறம்
பாளையக்காரரின் கொட்டடி.
புளியங்கட்டை இரண்டு, நடுவே என் விரல்கள்.
கிட்டி கட்டியவன் ஒச்சப்பன்.
அவசரப்படமாட்டான்.
கயிற்றில் எச்சில் தொட்டு இறுக்குவான்,
காளைக்கு மூக்கணாங்கயிறு போடுகிறவன் மாதிரி.
"பறங்கி வேதத்தை விடுகிறாயா?"

முதல் நெருக்கில் சேசுவே என்றேன்.
இரண்டாவதில் அம்மா என்றேன்.
அதுவரை எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவதில் சொன்னது
அவனுக்கு மட்டும் தெரியும்.

வெளியே போனான்.
"மசியவில்லை" என்றான்.
என் குடிசையைக் கொளுத்தி
எல்லை தாண்டச் சொன்னார்கள்.

இந்தக் கரையில் என்னைச் சேர்த்துக்கொண்டவர்கள்
ஞாயிறுதோறும் என் கோணல் விரலை
முத்தி செய்கிறார்கள்.
பிள்ளை பெற்றவள் ஓடிவந்து
குழந்தையின் நெற்றியில் அதை வைக்கச் சொல்கிறாள்.
வைக்கிறேன்.
வேறென்ன செய்ய?

இப்போது அவன் வருகிறான்.
அவனுக்கு ஒரு வாய் இருக்கிறது.
நாகமலையில் புலி இறங்கினால்கூட
இப்படிப் பயந்திருக்கமாட்டேன்.

பரலோக மந்திரம் அவனுக்கு
முன்பே பாதி தெரியுமாம்.
கொட்டடியில் கேட்டுக் கேட்டு வந்த பாதி.
மிச்சத்துக்குப் போகுமுன்
ஆட்கள் அலற ஆரம்பித்துவிடுவார்களாம்.
உபதேசியார் சிரித்துக்கொண்டே சொன்னார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று இருட்டும் நேரம்
வாய்க்கால் மதகில் அவனைப் பிடித்தேன்.
மெலிந்திருந்தான். கையில் கம்பு இல்லை.
"விட்டுவிடுகிறேன் என்று சொன்னேனே,
உன் காதில் விழுந்ததா?"
"விழுந்தது."
"பின்னே?"
வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தான்.

"கட்டையை அவிழ்த்ததும் கலயம் கொடுத்தேன்.
குடிக்குமுன் அந்தக் கை,
ரத்தம் ஒழுக ஒழுக,
நெற்றிக்குப் போனது. நெஞ்சுக்கு வந்தது.
தோளுக்குத் தூக்கையில் வலி தாங்காமல் விட்டுவிட்டாய்.
எத்தனையோ வாய் கேட்டவன் நான்.
இறுக்கினால் வாய் எதையும் சொல்லும்.
கைக்கு அந்த நேரம் யார் சொன்னது?
அதை வெளியே போய் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
மசியவில்லை என்றேன்.
பொய் சொன்ன மாதிரி இல்லை எனக்கு."

எனக்கு அது ஞாபகமே இல்லை.
தண்ணீர் ஞாபகம் இருக்கிறது.
உப்புக் கரித்தது.

அருளாயி மன்னித்துவிட்டாள் என்று
உபதேசியார் எல்லோரிடமும் சொல்லிவருகிறார்.
நான் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை.
தவசுகாலத்தில் மதுரையிலிருந்து
காவி கட்டிய சாமியார் வருவார்.
மூன்றாம் நெருக்கை அவர் காதில் போடவேண்டும்.
அப்புறம் யார் என் விரலை முத்தி செய்வார்களோ
செய்யட்டும்.

"சின்னப்பன் என்று பேர் வைப்போம்,
அவரும் நம்மவரை அடித்தவர்தான்,
குதிரையிலிருந்து விழுந்து எழுந்தவர்" என்றார் உபதேசியார்.
ஒச்சப்பன் தலையைச் சொறிந்தான்.
"நான் எந்தக் குதிரை ஏறினேன் சாமி?
நடந்துதானே வந்தேன்.
நாகமலையிலிருந்து இங்கே வர
ஆறு வருஷம்."

இன்று விடியுமுன்
வைகை மணலில் ஊற்றுத் தோண்டினான்.
அதே கை. அதே நிதானம்.
சுரைக்குடுவையோடு நான் குனிந்தபோது
"பொறு" என்றான்,
"கலங்கலாக இருக்கிறது."

ஆளுக்கொரு பக்கம் குந்தியிருந்தோம்.
மணல் மெல்ல
அடியில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.