நானூற்று அறுபத்து மூன்று

இருபதாயிரம் கிலோமீட்டரில் ஒரு தொல்லையும் இல்லை.
கடைசி நூற்றுப் பதினெட்டு மீட்டர்தான்.

லோயர் பரேல். முப்பத்தோராம் மாடிக்கும் மேலே
தண்ணீர்த் தொட்டிக்கும் லிஃப்ட் அறைக்கும் நடுவே
ஒரு வெள்ளைக் காளான்.
வானத்தில் யாரோ நேரம் சொல்லிக்கொண்டே போகிறார்கள்.
அது கேட்கிறது.
கேட்டதைக் கறுப்புக் கேபிளில் இறக்கிவிடுகிறது
இரண்டாம் பேஸ்மென்ட்டில்
குளிரில் விறைத்து நிற்கும் ஓர் அலமாரிக்கு.

வழியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைக்
கேபிள் தின்றுவிடும்.
திட்டிப் பயனில்லை, அதன் சுபாவம்.
மிஞ்சிய ஒரு பங்கை வைத்துத்தான்
யார் முதலில் விற்றார், யார் பிறகு வாங்கினார் என்று
இந்தக் கட்டடம் கணக்கு எழுதுகிறது.

ஜூலை. மூன்று நாளாய் விடாத மழை.
இரவு எட்டேகாலுக்கு ஃபோன்:
எட்டு செயற்கைக்கோள் தெரிந்த இடத்தில் இரண்டு,
பிறகு ஒன்று,
பிறகு பெட்டி தன் ஞாபகத்திலிருந்தே
நேரம் சொல்ல ஆரம்பித்துவிட்டது.
"எவ்வளவு நேரம் தாங்கும் மேடம்?"
கண்ணை மூடிக்கொண்டு
எவ்வளவு தூரம் நேராக நடப்பாய், சொல்.

நான் போய்ச் சேர்வதற்குள் தாமண்கர்
கீழ்முனையில் ஓர் ஆம்ப்ளிஃபையரை மாட்டியிருந்தான்.
கத்துவதென்றால் மேலேயே கத்த வேண்டும், தம்பி.
இங்கே வந்து கத்தினால்
இரைச்சலுக்கும் சேர்த்துத் தொண்டை கொடுக்கிறாய்.

மூன்று இணைப்புகள்.
ஆறாம் மாடியில் மீட்டர் சரி என்றது.
பத்தொன்பதிலும் சரி.
மேலே ஏறும் ஐந்து வோல்ட்டும்
கீழே இறங்கும் வானமும்
ஒரே கேபிளில், ஒன்றையொன்று இடிக்காமல்.
கரி ரோடு படிக்கட்டில்
அப்படி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, மொட்டைமாடியில்.
டேப்பை மேலிருந்து கீழாகச் சுற்றியிருந்தது.
ஓடு வேய்கிறவன் கண்டால் சிரிப்பான்:
ஒவ்வொரு சுற்றும் மழைக்குத் திறந்த சட்டைப்பை.
எந்தப் புண்ணியவான் வேலையோ என்று
திட்டிக்கொண்டே பிரித்தேன்.
பச்சைத் துரு. அரை ஸ்பூன் தண்ணீர்.
வாட்ச்மேன் ராம்சூரத் குடை பிடித்தார்,
எனக்கில்லை, இணைப்புக்கு.
அவர் கைக்கடிகாரம் பதினொன்று நாற்பது என்றது.
என்னுடையது பதினொன்றரை.
"பத்து நிமிஷம் முன்னால் ஓடும், தெரியும்.
அதனால் சரியாகத்தான் இருக்கிறது."

புதுக் கனெக்டர். கீழிருந்து மேலாக டேப்.
சொட்டி விழ ஒரு வளைவு.
கீழே வந்தபோது இரண்டு, நான்கு, ஏழு
என்று ஒவ்வொன்றாய் வந்து உட்கார்ந்தன.
பச்சை விளக்கு.

போயிருக்கலாம். ஆனாலும் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன்.
கேபிள் தாமதம்: 0.

மீட்டருக்கு நானோ விநாடி நான்குக்குக் கொஞ்சம் குறைவு.
நூற்றுப் பதினெட்டால் பெருக்கினால் நானூற்று அறுபத்து மூன்று.
ஆறு வருஷமாக அவ்வளவு பிந்தியே இருந்திருக்கிறது
இந்தக் கட்டடம் முழுவதும்.
பதினான்காம் மாடியில் வெட்டிய பிறந்தநாள் கேக்,
ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு அனுப்பிய ராஜினாமா,
கோடிகள், டீ பில்,
எல்லாம் பிந்தி. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அதற்கு அடுத்த வரி,
நிறுவியவர்: தெய்வானை சுடலைமுத்து.

நான்தான்.
அந்தப் பெயருக்கு இந்த ஊரில் வேறு ஆள் இல்லை.
அன்றைக்கும் கடைசி ஸ்லோவைப் பிடிக்க
ஓடியிருப்பேன்.

463 என்று அடித்தேன்.
விளக்கு அதே பச்சை.
தாமண்கர் எட்டிப் பார்த்தான்.
"இதையும் ரிப்போர்ட்டில் போடணுமா மேடம்?"
துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தேன்.
தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.
போடு, என்றேன்.
பெயரையும் போடு.

கரி ரோட்டில் நான் இறங்குகையில்
தண்டவாளம் இன்னும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.
எவ்வளவில் தவறவிட்டேன் என்று சொல்ல
அங்கே யாரும் இல்லை.