எழுநூற்றெண்பது

உறையின் மேல் பெயர் இல்லை, கோப்பு எண்தான்.
ஆண், முப்பத்துநான்கு, சாரம் கட்டுபவர்.
உள்ளே ஒரு மாத்திரை டப்பா,
அதில் பச்சரிசி அளவு கல்.
நேற்று இரவு சிறுநீரோடு வந்ததென்று
ஆங்கிலம் அரைகுறையாய்த் தெரிந்தவன்
அரபி அரைகுறையாய்த் தெரிந்தவளிடம் சொல்லி
அவள் எழுதியிருந்தாள்.

ஃபஹாஹீலில் ஆகஸ்ட்.
கடல் பக்கமிருந்து காற்று திரும்பிவிட்டால்
பொட்டாசியம் புரோமைடு பத்தே நிமிடத்தில் வியர்த்துவிடும்.
அதை அடுப்பில் உலர்த்தி,
அகேட் உரலில் கல்லோடு சேர்த்து மைய அரைத்து,
பத்து டன் அழுத்தத்தில்
கண்ணாடிபோல் ஒரு வில்லை செய்வேன்.
உன் வேலை என்னவென்று ஊரில் கேட்டால் என்ன சொல்ல
என்பார் இவர்.
கல்லில் நார் உரிக்கிறாள் என்று சொல்லுங்கள்.

பொய்யில்லை.
அகச்சிவப்புக் கதிர் உள்ளே போகும்,
கல் தனக்குப் பிடித்ததை விழுங்கிக்கொள்ளும்,
விழுங்கிய இடமெல்லாம் திரையில் பள்ளம்.
ஆக்சலேட் என்றால் ஆயிரத்து அறுநூற்றிருபதில் ஒன்று,
ஆயிரத்து முந்நூற்றுப் பதினேழில் ஒன்று,
எழுநூற்றெண்பதில் ஒன்று.
யூரிக் அமிலம் வேறு கோலம் போடும்.

இதில் முதல் இரண்டும் இல்லை.
ஆயிரத்து எண்பத்தைந்தில் பெரும் பள்ளம்.
எழுநூற்றெண்பது இருந்தது,
பக்கத்திலேயே ஒட்டிப்பிறந்தாற்போல்
எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு.
குவார்ட்ஸ்.
மணல்.

வில்லையை உடைத்து மறுபடி செய்தேன். மணல்.
ராமன் கருவியில் வைத்தேன்,
நானூற்று அறுபத்துநான்கில் ஒற்றை ஊசி. மணலேதான்.
எந்தச் சிறுநீரகமும் இதைச் செய்யாது.

"லீவுக்கு," என்றாள் டாக்டர் ஷெரீன், நிமிராமல்.
மாதம் ஒன்றாவது வருகிறது:
ஜல்லி, பளிங்குச் சில்லு,
ஒருமுறை யாருடையதோ பல்.
அதற்கென்று ஒரு வாசகம் சேமித்து வைத்திருக்கிறோம்.
ஒரு விசை. "உடலில் உருவானதல்ல."
அழுத்தினேன்.
அதன் கீழே தட்டினேன்:
"வலியைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லாது.
ஸ்கேன் செய்யவும்."
ஷெரீன் முதல் வரியை எடுத்துவிட்டாள்.

செப்டம்பர் கடைசியில் அதே எண்.
இம்முறை அறுவை அரங்கத்தின் குப்பி,
மூடிமேல் மருத்துவரின் கையெழுத்து.
பழுப்பு, கரடுமுரடு,
லேசரில் சிதறியதில் ஒரு துண்டு மட்டும் பெரிது.
அறுத்துச் சிவப்பு ஒளியின் கீழ் வைத்தேன்.
(பச்சை ஒளி ஆகாது,
கல் தானே மினுங்கித் தன் கோட்டை மறைத்துக்கொள்ளும்.)
நடுவில் ஒரு புள்ளி அபடைட்,
எலும்புக்கு உறவு,
சிறுநீரகச் சுவரைப் பற்றியிருந்த இடம்.
அதைச் சுற்றி ஆக்சலேட், அடுக்கடுக்காய்.
மரத்தைப்போல் இதற்கு ஆண்டுக்கணக்கு கிடையாது.
தெரியும். இருந்தும் எண்ணினேன்.

பதினான்காம் தளத்தில் வேலை,
கழிப்பறை தரையில்.
இறங்கி ஏறினால் அரைமணி போச்சு.
குடிக்காவிட்டால் இறங்க வேண்டாம்.
இந்தக் கணக்கு எந்த அடுக்கிலும் எழுதியில்லை,
குறிப்பேட்டில் கேட்கவும் இடமில்லை.

ஆகஸ்டிலேயே இது உள்ளே இருந்திருக்கும்.
வலி இருந்தது, சாட்சி இல்லை.
காலடியில் கிடந்ததைப் பொறுக்கி வந்திருப்பான்.
லீவுக்காகவும் இருக்கலாம்.
ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கக் கூடாதா?

அறிக்கை அனுப்பிய பிறகு
இரண்டு கோடுகளையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன்,
ஆகஸ்ட் மணலும் செப்டம்பர் கல்லும்.
எங்கும் ஒட்டவில்லை.
எழுநூற்றெண்பதில் மட்டும்
ஒரே பள்ளத்தில் இரண்டும் இறங்கின.

அடுத்த உறை.
உலர்பெட்டியில் நீல மணிகள்
ஈரம் குடித்துக் குடித்து
இளஞ்சிவப்பாகியிருந்தன.
அவையும் மணலில் செய்தவைதாம்.
மாற்ற வேண்டும்.