மீன் எங்கே

எவேலியோ கதவைத் தட்டுவதில்லை.
உள்ளே வந்து, மூக்கு கண்ணாடியில் ஒட்டக் குனிந்து
தினமும் ஒரே கேள்வி:
"மீன் எங்கே, மிரெல்கிஸ்?"

மீன் இல்லை. புல் வளர்க்கிறேன்.
"புல்லுக்கா தொட்டி?"

கப்பல் சமையல்காரன் ஒருவன்
ராட்டர்டாமிலிருந்து கொண்டுவந்தான்,
தயிர் டப்பா அளவில் ஒரு டப்பா,
கூழுக்குள் முளைத்த பச்சைத் திட்டு.
லேபிளில் எங்கள் தீவின் பெயர்.
இங்கே ஏதோ ஓடையில் கிடந்ததை
யாரோ ஒரு காலத்தில் எடுத்துப் போனார்களாம்.
ஹவானாவுக்கு
விலைச்சீட்டோடு திரும்பியிருக்கிறது.

கூழைக் கழுவினேன்.
நடுவதற்கு, ஆபரேஷன் தியேட்டரில் கழித்துப்போட்ட இடுக்கி,
நுனி லேசாகக் கோணியது.
பதினெட்டு வருஷம் அடுத்தவர்க்கு எடுத்துக்கொடுத்த கை
முதன்முறையாகத் தானே உள்ளே நுழைந்தது.
இலை ஒவ்வொன்றும் எள்ளில் பாதி.
நாலைந்து இலைக்கு ஒரு குத்து,
விரலகலம் விட்டு
அடுத்த குத்து.
இருநூற்றுப் பதினொன்று வரை எண்ணினேன்.
பிறகு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

ஐந்து வாரம் தண்ணீர் ஊற்றவில்லை.
ஈரச் சேறு, மேலே இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் தாள்,
அதன் உள்பக்கம் வியர்வை.
"சேற்றுக்குப் போர்வையா?"
எவேலியோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆறாம் வாரம் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து
அதன்மேல் வழியவிட்டு நிரப்பினேன்.

தண்ணீருக்கடியில் அதற்கு மூச்சு வேண்டும்.
புட்டியில் ரேஷன் சர்க்கரை, ஒரு சிட்டிகை ஈஸ்ட்,
மூடியைத் துளைத்து ட்ரிப் குழாய்.
நிமிடத்துக்கு முப்பது குமிழி.
நோயாளிக்குச் சொட்டு எண்ணுவது போலத்தான்,
இங்கே மேல்நோக்கிப் போகிறது, அவ்வளவே.
சர்க்கரை புல்லுக்குப் போனது.
நான் காபியைக் கசக்கக் குடித்தேன்,
உடம்புக்கு நல்லதென்று சொல்லிக்கொண்டு.

பிறகு மின்வெட்டு.
நான்கு மணி நேரம், ஒன்பது, ஒருநாள் பதினாறு.
ஈஸ்டுக்கு அது தெரியாது.
இருட்டிலும் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது,
வாங்கிக்கொள்ள யாரும் இல்லாமல்.
பின்மூலையில் இலைகள் வெளிறி,
தொட்டால் கரைந்தன.
கரைந்ததை வெட்டினேன்.
மிச்சத்தை மறுபடி நட்டேன்.
அதற்கப்புறம் தொட்டிப் பக்கமே திரும்பவில்லை என்று
சொல்ல ஆசைதான்.
இரவெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

எப்போது பிடித்ததென்று தெரியவில்லை.
குத்துக்கும் குத்துக்கும் நடுவே தெரிந்த சேறு
ஒரு செவ்வாய்க்கிழமை தெரியவில்லை.
இலை நுனிதோறும் ஊசித்தலைக் குமிழ்,
தரை முழுக்க மினுங்கியது.

அந்தக் குமிழ்களே வினையாயின.
அடியில் சேர்ந்த காற்று
கம்பளத்தின் ஒரு மூலையைக் கிளப்பியது.
நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
பாய் சுருட்டுவது போல எழுந்தது,
வெள்ளை வேரெல்லாம் தொங்க.
முழங்கை வரை விட்டு அமுக்கினேன்.
அதே நொடி விளக்கு போனது.

கையை எடுத்தால் எழும்.
எடுக்காமல் விடியும்வரை நிற்கவும் முடியாது.
உள்ளங்கைக்கடியில்
எந்த வேர் பிடித்திருக்கிறது, எது விட்டுவிட்டது
தனித்தனியாகத் தெரிந்தது,
வெளிச்சத்தில் ஒருநாளும் தெரியாதது.

படியில் செருப்புச் சத்தம். லைட்டர்.
மலேக்கோன் சுவரிலிருந்து எவேலியோ,
தோளில் தூண்டில், கையில் காலி வாளி.
என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.
"மீன் செத்துப்போச்சா?"

கனமாக ஏதாவது கொடுங்கள் என்றேன்.

சட்டைப்பையைத் துழாவினார்.
ஈயக் குண்டுகள், ஏழு.
நரம்பைப் பல்லால் கடித்து அறுத்து
ஒவ்வொன்றாக என் விரலிடுக்கில் வைத்தார்.
ஒவ்வொன்றாக இறக்கினேன்.
கையை எடுத்தேன்.
நின்றது.

லைட்டர் சூடேறி அணைந்தது.
இருட்டில் இருவரும்
தொட்டி இருக்கும் திசையைப் பார்த்தபடி இருந்தோம்.
"நாளைக்கு நான் எதைக் கட்டித் தூண்டில் போடுவது?" என்றார்.